பதினாலு இலக்கம்

என் மேசை டிராயரில் ஒரு நீள நோட்டு கிடக்கிறது. ஏற்றுமதிக்காரர் பெயர், ஏற்றுமதி-இறக்குமதி அடையாள எண்ணான ஐ.ஈ.சி., பேங்க், கிளை, எந்தத் துறைமுகம் என்று கட்டம் கட்டமாகப் பேனாவில் எழுதியிருப்பேன். ஒரே ஒரு கட்டம் மட்டும் பென்சிலில் இருக்கும். ஏ.டி. கோடு எழுதுகிற கட்டம் அது. ஆபீசுக்குப் புதிதாக வரும் பையன்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்.

“இது மட்டும் ஏன் அண்ணாச்சி பென்சில்ல இருக்கு?”

“கொஞ்ச நாள் இருந்து பாருல. ஒனக்கே தெரியும்.”

தூத்துக்குடியில் கிளியரிங் வேலைக்கு நான் வந்தது 1997இல். பி.காம். முடித்துவிட்டு அஞ்சல் வழியில் எம்.காம். படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த காலம். சைக்கிளில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கஸ்டம்ஸில் கொடுக்கும் ஷிப்பிங் பில், ஏற்றுமதிப் பணம் வந்து சேரும் என்று உறுதி சொல்லும் ஜி.ஆர். ஃபாரம். ஊருக்குள் இருந்த ஆபீசிலிருந்து புது ஹார்பர் கஸ்டம்ஸ் ஹவுஸ் வரைக்கும் உப்புக்காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டும். அந்தப் பையில் இருந்த காகிதங்களில் மழைக்கு நனையவே கூடாதது எது என்று கேட்டால், ஜி.ஆர். ஃபாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஷிப்பிங் பில் நனைந்தால் வேறு டைப் அடித்துக்கொள்ளலாம். ஜி.ஆர். ஃபாரத்தில் வரிசை எண் அச்சாகி இருக்கும். ஒன்று தொலைந்தாலும் எங்கே போனது என்று கேள்வி வரும்.

ஒரு பிரதி கஸ்டம்ஸ் வழியாக ரிசர்வ் வங்கிக்குப் போகும். இன்னொரு பிரதியைக் கப்பல் ரசீதோடும் மற்றக் காகிதங்களோடும் சேர்த்து 21 நாளுக்குள் பேங்கில் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் ஆறு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பது அன்றைய விதி. அப்போது அந்நியச் செலாவணிக்கான ஃபெரா சட்டம் உயிரோடு இருந்தது. 1973இல் போட்ட சட்டம் அது. டாலரை வெளியிலேயே விட்டுவைத்தால் கிரிமினல் வழக்கு. 2000 ஜூன் 1 முதல் ஃபெமா வந்து அபராதத்தோடு போகிற விவகாரமாக அதை மாற்றியது. ஆனால் பழைய ஆட்களுக்கு ஃபெரா பயம் கடைசிவரை தெளியவில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி ஒவ்வொரு ஜி.ஆர். ஃபாரத்தையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்புவார். கப்பலில் ஏற்றியாச்சு, இனி என்ன என்று நான் ஒருநாள் அலட்சியமாகச் சொன்னதற்கு அவர் சொன்னது:

“கப்பல் போனதோட நம்ம ஜோலி முடிஞ்சிரும்ல. ரிசர்வ் பேங்குக்கு அப்பதாம் ஜோலியே.”

ஏ.டி. கோடு எதற்கு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ரிசர்வ் வங்கி நேராக வந்து யாருடைய டாலரையும் எண்ணுவதில்லை. வெளிநாட்டுப் பணத்தைக் கையாள சில வங்கிகளுக்கு உரிமம் கொடுக்கிறது. அவர்கள்தான் ஆதரைஸ்டு டீலர், ஏ.டி. அந்த வங்கியில் வெளிநாட்டு வர்த்தகம் பார்க்கும் கிளைக்கு ஓர் எண் உண்டு. பதினாலு இலக்கம். சரக்கை நாட்டுக்கு வெளியே விடும் கஸ்டம்ஸ்காரருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சரக்குக்கான பணம் வந்ததா என்று நாளைக்கு யாரைப் பிடித்துக் கேட்பது? அந்தப் பதினாலு இலக்கம்தான் பதில். சரக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முருங்கை இலைப் பொடியானாலும் பனியனானாலும் ஒன்றுதான்.

இதில் புதியவர்கள் எல்லோரும் தவறாமல் செய்துகொள்ளும் ஒரு மயக்கம் உண்டு. “என்னோட ஏ.டி. கோடு” என்பார்கள். அது அவர்களுடையது இல்லை. கிளையினுடையது. அந்தக் கிளையில் ஐம்பது ஏற்றுமதிக்காரர் இருந்தால் ஐம்பது பேருக்கும் அதே எண்தான். இன்னார் எங்கள் வாடிக்கையாளர், இவருடைய ஏற்றுமதிப் பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்தக் கிளை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்து ஏற்றுமதிக்காரரின் ஐ.ஈ.சி. எண்ணோடு கோடைக் கஸ்டம்ஸ் சிஸ்டத்தில் முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சுக்குப் பெயர்தான் ரிஜிஸ்ட்ரேஷன். முடிச்சு விழாமல் ஷிப்பிங் பில் போட்டால் சிஸ்டம் எடுக்காது.

அரைப் பக்கக் கடிதம். கண்டெய்னரை ஒரே நாளில் நிரப்பி சீல் வைத்துவிடலாம். இந்த அரைப் பக்கத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2016இல் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். தென்னை நார்க்கழிவைக் காயவைத்து ஐந்து கிலோ கட்டியாக அழுத்தித் தரும் தொழில். அதுவரை இன்னொரு ஏற்றுமதிக்காரருக்குச் சப்ளை செய்துகொண்டிருந்தவர், கொரியாவிலிருந்து நேராக ஓர் ஆர்டர் பிடித்துவிட்டார். ஐ.ஈ.சி. இருக்கிறது, கட்டி தயார், வாங்குபவர் அட்வான்ஸ் போட்டுவிட்டார். “இனி என்னங்கண்ணா வேணும்?” என்றார். பேங்க் லெட்டர் என்றேன். மாதிரி ஒன்றைக் கொடுத்து, இதேபோல் வாங்கி வாருங்கள் என்று அனுப்பினேன்.

மூன்றாம் நாள் கூரியரில் கடிதம் வந்தது. ஏ.டி. கோடு என்று போட்டு அதற்கு நேராக நான்கு ஆங்கில எழுத்து, ஒரு சுழியம், ஆறு எண். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. ஐ.எஃப்.எஸ்.சி. கோடை எழுதித் தந்திருக்கிறார் மேனேஜர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பயிர்க்கடனும் நகைக்கடனும் கொடுக்கிற கிளை. அவர் வேலையில் டாலர் வந்ததே இருக்காது. ஃபோனில் பேசினேன். “சார், எங்க பிராஞ்சுல ஃபாரெக்ஸ் கிடையாதுங்க. கோயம்புத்தூர்ல ஒரு பிராஞ்ச் பாப்பாங்க” என்றார். அங்கே போனால், கணக்கு இங்கே இல்லையே, அந்தக் கிளை எழுதிக் கேட்கட்டும் என்றார்கள். கிளை எழுதியது. கோவையிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. பதினாலு இலக்கமும் சரி. ஆனால் ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். தூத்துக்குடி கஸ்டம்ஸ் உதவி ஆணையருக்கு என்று இருக்க வேண்டும். திரும்பப் போனது.

மூன்றாவது கடிதத்தை அந்த அம்மாவே எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறி வந்துவிட்டார். காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் மஞ்சப்பையோடு நிற்கிறார். கடிதத்தை வாங்கி ஐ.ஈ.சி. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐ.ஈ.சி.யில் நிறுவனத்தின் பெயர் ‘காயர்ஸ்’ என்று முடிகிறது. கடிதத்தில் ‘காயர்’.

“ஒரு ‘ஸ்’தானுங்களேண்ணா?”

“ஆமாம்மா. அந்த ஒண்ணுதான்.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கடிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “பேனா இருந்தாக் குடுங்க, நானே எழுதிப்போடறேன்” என்றார். சிரித்துவிட்டேன். பேங்க் கடிதத்தில் நாம் ஓர் எழுத்து சேர்த்தால் அது வேறு குற்றம் என்று சொன்னேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். கடிதம் சரியாகி வந்து ரிஜிஸ்ட்ரேஷன் ஆகும்போது நாங்கள் தொடங்கி 11 நாள். கட்டி கண்டெய்னருக்குள் ஏற ஆனது ஒரே பகல்.

பெயர்ப் பொருத்தம் கஸ்டம்ஸ்காரரின் பிடிவாதம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஏற்றுமதிக்காகத் திரும்பத் தரும் வரிப்பணமான டிராபேக்கும் ஐ.ஜி.எஸ்.டி. ரீஃபண்டும் அரசாங்கத்தின் பி.எஃப்.எம்.எஸ். கணினி வழியாக நேராகக் கணக்குக்கு வர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே உட்கார்ந்து பார்ப்பது மனிதர் இல்லை. அது சமாதானமாகப் பேசினால் கேட்காது. சொல்ல மறந்தேன்: டிராபேக் வந்து விழும் கணக்கைப் பதிவது தனி வேலை, ஏ.டி. கோடைப் பதிவது தனி வேலை. ஒன்று அரசாங்கம் நமக்குத் தரும் பணத்துக்கு. மற்றது வெளிநாட்டுக்காரர் தரும் பணத்துக்கு. ஒன்றைச் செய்துவிட்டு இரண்டும் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்த் தூங்கியவர்கள் அதிகம்.

மற்றவர்கள் கதையாகவே சொல்லிக்கொண்டு போனால் நியாயமில்லை. என் தப்பு ஒன்று.

2015 அக்டோபர். கரூரிலிருந்து ஒரு வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக்காரர். திரைச்சீலை, மேசை விரிப்பு. பதினைந்து வருடமாகச் சென்னை வழியாகவே அனுப்பியவர். அந்த முறை வாங்குபவர் கப்பல் கம்பெனியை மாற்றியதால் தூத்துக்குடி. இங்கிருந்து ஃபீடர் கப்பலில் கொழும்பு. அங்கே பெரிய கப்பலுக்கு மாறி ஹாம்பர்க். இன்வாய்ஸில் ஒரு திருத்தம் இழுத்துக்கொண்டே போய், இறுதிக் காகிதம் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தது. லாரி கரூரை விட்டுக் கிளம்பிவிட்டது. காலையில் ஷிப்பிங் பில் போட்டுக்கொள்ளலாம், பழைய பார்ட்டிதானே என்று படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் பில்லை ஏற்றினால் சிஸ்டம் துப்பிவிட்டது. இந்த ஐ.ஈ.சி.க்கு இந்த இடத்தில் ஏ.டி. கோடு பதிவாகவில்லை. எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. ஐ.ஈ.சி. நாடு முழுக்க ஒன்றே. கோடுப் பதிவோ அன்றைக்குத் துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறு. சென்னைக் கடல் துறைமுகத்தில் பதிந்தது சென்னை விமான நிலையத்துக்கே செல்லாது; தூத்துக்குடிக்கு எங்கே செல்லும்? பதினெட்டு வருடம் இதை ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். பழைய பார்ட்டி என்ற நினைப்பில் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்திருந்தால் அந்தப் பெயருக்கு நேரே சென்னை மட்டும்தான் இருந்திருக்கும்.

சரி, பேங்கைப் பிடித்து தூத்துக்குடி கஸ்டம்ஸ் பெயருக்கு ஒரு கடிதம் வாங்கலாம் என்று கரூருக்கு ஃபோன் போட்டேன். அன்று இரண்டாவது சனி. இரண்டாம், நான்காம் சனிகளில் பேங்க் விடுமுறை என்று ஆக்கி அப்போதுதான் ஒரு மாதம் ஆகியிருந்தது. கேட் மூடும் நேரம் சாயங்காலம். லாரி கண்டெய்னர் கோடவுனான சி.எஃப்.எஸ். வாசலில் வந்து நின்றது. டிரைவர் வண்டிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். கொழும்பு போகிற கப்பல் எங்கள் பெட்டி இல்லாமல் போனது.

திங்கட்கிழமை ஏற்றுமதிக்காரரே காரில் வந்தார். அறுபது வயசுக்காரர், சத்தம் போட்டுப் பேசிக் கேட்டதில்லை. “ஒரே கஸ்டம்ஸ்தானுங்களே தம்பி. மெட்ராஸ்ல குடுத்தது இங்க தெரியாதுங்களா?” என்றார். அது எங்கள் தொழிலில் எல்லோரும் கேட்கிற கேள்வி. நான் சொல்லிப் பழகிய பதில் ஒன்று உண்டு. அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. “என் தப்புங்க” என்றேன். அடுத்த கப்பலுக்கு ஆறு நாள். லாரிக் காத்திருப்பும் கோடவுன் வாடகையும் நானே ஏற்றுக்கொண்டேன். அவர் பாதியைக் காசோலையாகத் திருப்பி அனுப்பினார். அந்தக் காசோலையை நான் மாற்றாமல் வைத்திருந்து அது காலாவதியாகிவிட்டது. புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

பதிவாகாத கோடு சரக்கைத்தான் நிறுத்தும். தவறான கோடு சரக்கைப் போகவிட்டுவிட்டுப் பின்னால் வந்து பிடிக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் ஆபத்து.

ஜி.ஆர். ஃபாரம் போய், கணினி வந்த துறைமுகங்களில் எஸ்.டி.எஃப். என்ற உறுதிமொழித்தாள் வந்து, 2014 மார்ச்சிலிருந்து ஈ.டி.பி.எம்.எஸ். வந்தது. ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு ஏற்பாடு. கஸ்டம்ஸில் முடிந்த ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் ரிசர்வ் வங்கிக்குப் போய், அங்கிருந்து பில்லில் உள்ள ஏ.டி. கோடைப் பார்த்து அந்த வங்கியின் திரையில் விழும். பணம் வந்ததும் வங்கி அந்தப் பில்லை முடித்து வைக்க வேண்டும். காகிதக் காலத்தில் ஒரு பில் தொலைந்தால் தொலைந்ததுதான். இதில் எதுவும் தொலையாது. நல்லதற்கும் கெட்டதற்கும்.

உலர்பூ அனுப்புகிற ஒருவர். தூத்துக்குடிக்கு அது பழைய தொழில். தாமரைக்காயும் பஞ்சுக்காயும் சாயம் ஏறி ஐரோப்பாவுக்குப் போகும். வட்டி குறைவு என்று பேங்கை மாற்றினார். புதுப் பேங்க் கணக்கைத் தன் இன்வாய்ஸில் போட்டார். வாங்குபவரும் அதற்கே பணம் அனுப்பினார். எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. நாங்கள் பழைய கோடிலேயே ஏழு பில் போட்டிருக்கிறோம். பணம் ஏழுக்கும் சரியாக வந்தது. அவர் வரைக்கும் எல்லாம் சுபம். ஆனால் ஏழு பில்லும் பழைய பேங்கின் திரையில் பணம் வராத பில்லாக நின்றுகொண்டிருந்தன. புதுப் பேங்கிலோ பில்லே இல்லாத டாலர்.

இரண்டு வருடம் கழித்துப் பழைய பேங்கிலிருந்து கடிதம்: உங்கள் ஏற்றுமதிப் பணம் நிலுவையில் உள்ளது, எச்சரிக்கைப் பட்டியலில் சேர்க்கப்படலாம். அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் அடுத்த சரக்கை அனுப்புவதே பெரும்பாடு. அவர் கடிதத்தை என் மேசையில் போட்டுவிட்டு, “நான் திருடனா அண்ணாச்சி?” என்று கேட்டார். பழைய பேங்க் ஏழு பில்லையும் புதுப் பேங்குக்கு மாற்றிவிட வேண்டும். புதுப் பேங்க் ஏற்றுக்கொண்டு பணத்தோடு பொருத்த வேண்டும். கணக்கை மூடிவிட்டுப் போனவருக்கு எந்தக் கிளை அவசரமாக வேலை செய்யும்? ஐந்து மாதம் அலைந்தார். இரண்டு வருடம் ஆனால் தானாகப் பெயர் ஏறுகிற ஏற்பாட்டை 2020இல் ரிசர்வ் வங்கி நிறுத்தியது. அவருக்கு அது பிந்தி வந்த நிம்மதி.

அன்றிலிருந்து யார் பில் கொண்டுவந்தாலும் நான் முதலில் பார்ப்பது இன்வாய்ஸின் அடியில் இருக்கும் பேங்க் விவரம். சரக்கு என்ன, எத்தனை பெட்டி என்பதெல்லாம் அப்புறம். காசு வராத சாம்பிள் பார்சல் என்றால் மட்டும் பரவாயில்லை. அந்நியச் செலாவணி இல்லாத பில் என்று தனி வழி இருக்கிறது. அதையும் குறுக்கு வழியாகப் பார்க்கிறவர்கள் உண்டு. “சாம்பிள்னு போட்டுருவோமே” என்று கேட்டு வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன்.

பென்சிலுக்கு வருகிறேன். 2017இல் ஸ்டேட் பேங்கோடு அதன் துணை வங்கிகள் சேர்ந்தன. 2019இல் மேலும் இரண்டு வங்கிகள் இன்னொன்றோடு. 2020 ஏப்ரல் 1, ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம், பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காயின. அந்த நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியும் டி.பி.எஸ்.ஸோடு போனது. இணைப்பு என்பது ஒருநாள் செய்தி. எங்களுக்கு அது இரண்டு வருட வேலை. ஒரே தெருவில் இரண்டு கிளை இருந்தால் ஒன்றை மூடி மற்றதோடு சேர்ப்பார்கள். கிளை போனால் கோடு போகும். ஐ.எஃப்.எஸ்.சி. மாறும்; டிராபேக் கணக்குத் திரும்பப் பதிய வேண்டும். பெரும்பாலும் வாடிக்கையாளருக்கு முன்னால் எங்களுக்குத் தெரியவரும், பில் திரும்பி வந்து. அந்த இரண்டு வருடத்தில் என் நோட்டின் அந்தக் கட்டங்கள் ரப்பர் தேய்த்துத் தேய்த்து மெலிந்துபோய், ஓரிடத்தில் தாளே கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன்.

இப்போது வேலை கஸ்டம்ஸின் ஐஸ்கேட் இணையதளத்தில். ஏற்றுமதிக்காரர் தன் பெயரில் உள்ளே போய், எந்தத் துறைமுகம் என்று தேர்ந்தெடுத்து, பேங்க் கடிதத்தை ஆவணம் ஏற்றும் பகுதியான இ-சஞ்சித்தில் ஏற்றி, அது தரும் எண்ணைப் போட்டு, டிஜிட்டல் கையெழுத்து வைத்து அனுப்பினால், அதிகாரி திரையிலேயே பார்த்து ஒப்புதல் கொடுக்கிறார். சைக்கிளும் இல்லை, ரெக்சின் பையும் இல்லை. என் ஆபீஸ் பையன் காதில் ஹெட்ஃபோனோடு செய்துமுடிக்கிறான். ஆனால் அவன் ஏற்றுகிற அந்தக் கடிதம் இன்றைக்கும் ஒரு கிளையில், ஒரு மேனேஜர், ஒரு லெட்டர்ஹெட்டில் அடித்து, முத்திரை குத்தித் தர வேண்டியதுதான். அங்கே ஒன்றும் மாறவில்லை.

போன மாதம் பொள்ளாச்சி அம்மா ஃபோன் செய்தார். இப்போது மாதம் நாலு பெட்டி அனுப்புகிறார். கணக்கையும் கோவைக் கிளைக்கே மாற்றிக்கொண்டுவிட்டார். ஸ்பெயினில் ஒரு புது வாங்குபவர். கொச்சி வழியாக அனுப்பச் சொல்கிறார்.

“கொச்சிக்கும் லெட்டர் வேணும்னு சொல்லுவீங்கன்னு தெரியுமுங்கண்ணா. நேத்தே போய் உக்காந்து வாங்கிட்டனுங்க. உங்களுக்கு வாட்ஸ்அப்புல போட்டிருக்கறேன், பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். கொச்சி கஸ்டம்ஸ் உதவி ஆணையருக்கு என்று தொடங்கியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினாலு. காயர்ஸ் என்று ‘ஸ்’ஸோடு இருந்தது. கீழே கையெழுத்து, முத்திரை, மேனேஜரின் ஊழியர் எண் எல்லாம் இருந்தன.

தேதி போடவில்லை.